கொடுப்பதும் கொடுக்க வேண்டியதும்

"எங்க கடையில வேலைக்காரன்னு யாரும் கிடையாது, எல்லாரும் வீட்டுப் பிள்ளைங்க மாதிரிதான்." பத்துப் பதினைந்து பேரை வைத்துத் தொழில் நடத்தும் முதலாளிகள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. பலருடைய வாயில் அது பொய்யும் அல்ல. பெரிய நிறுவனத்தில் வெறும் எண்ணாக இருக்கும் ஆள், சின்னக் கடையில் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிறார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதலாளி பணம் தருகிறார். வீட்டுக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய் மொய் எழுதுகிறார். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறார். அதே கடையில் வருகைப் பதிவேடு இருக்காது, பி.எஃப். கணக்கு இருக்காது, வார விடுமுறை முதலாளியின் மனநிலையைப் பொறுத்தது. இவை இரண்டும் ஒரே மனிதரிடம் எந்த முரணும் தோன்றாமல் சேர்ந்து வாழ்கின்றன. 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, ஆடிட்டர் அலுவலகங்களில் பேச்செல்லாம் செலவு எவ்வளவு கூடும் என்பதைப் பற்றித்தான். அது நியாயமான கவலை. ஆனால் அதற்கடியில் மிகப் பழைய சமயக் கேள்வி ஒன்று கிடக்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், கொடுக்க விரும்புவதை மட்டும் கொடுப்பவர் தர்மம் செய்தவர் ஆவாரா? ஆகமாட்டார் என்பதே என் முடிவு. அதற்கான காரணங்களை இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பாத்திரக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே 12 ஆண்டுகள் உழைத்தவர் உடம்பு முடியாமல் நின்றுகொள்கிறார். கடைசி மாதச் சம்பளம், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து, 15,600 ரூபாய். பணிக்கொடைக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வழி எளியது: மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஒரு நாள் சம்பளம் 600. பதினைந்து நாளுக்கு 9,000. 12 ஆண்டுகளுக்கு 1,08,000. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு நிறைந்தவருக்குச் சேர வேண்டிய பணம் இது. போகும் நாளில் முதலாளி அவரை உட்காரவைத்துச் சால்வை போர்த்தி, தாம்பாளத்தில் 50,000 ரூபாய் வைத்துக் கொடுக்கிறார். வாங்குகிறவருக்குக் கண் கலங்குகிறது. இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள் என்கிறார்கள் சுற்றி நிற்பவர்கள். கணக்குப்படி அங்கே இன்னும் 58,000 ரூபாய் கடன் நிற்கிறது. கடன்பட்டவர் முதலாளி, கும்பிட்டு நிற்பவர் கடன் கொடுத்தவர். பணம் குறைந்தது ஒரு நஷ்டம். தன்னுடைய பணத்தின் பாதிக்கும் குறைவானதை வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் காலமெல்லாம் நன்றிக்கடன் பட்டவராகிப் போவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

சமய மரபுகள் இந்தக் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதின என்று பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. கூலியை அவை தானத்தின் கீழ் வைக்கவே இல்லை. களவு, கொலை ஆகியவற்றின் பக்கத்தில் வைத்தன. கூலியாளின் சம்பளம் மறுநாள் காலைவரை முதலாளியிடம் தங்கக் கூடாது என்கிறது லேவியராகமம். திருட்டையும் பொய்யையும் ஏமாற்றுவதையும் விலக்கும் அதே அதிகாரத்தில்தான் அந்தக் கட்டளை இருக்கிறது. உபாகமம் ஒரு காரணமும் சொல்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல் உயிரை வைத்திருக்கிறான், சூரியன் மறையுமுன் கொடுத்துவிடு. வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழியைப் பலரும் அறிவார்கள். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமை நாளில் இறைவனே எதிர்வாதியாக நிற்பான் என்ற நபிமொழி அதைவிடக் கடுமையானது. நம் பக்கத்தில் வள்ளலார் மனுமுறைகண்ட வாசகத்தில், மகனின் தேர்க்காலில் கன்று இறந்த துயரில் சோழன் தான் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதாக எழுதுகிறார். வேலை வாங்கிவிட்டுக் கூலியைக் குறைத்துக் கொடுத்ததும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. திருவள்ளுவரோ ஈகைக்கு இன்னும் கடினமான அளவுகோல் வைத்திருக்கிறார். இல்லாதவர்க்குக் கொடுப்பது மட்டுமே ஈகை. மற்றக் கொடைகள் எல்லாம் திரும்பி வரும் என்று எண்ணிக் கொடுக்கும் கைமாற்று. ஆள் நின்றுவிடாமல் இருக்க வேண்டும் என்று கொடுக்கும் தீபாவளித் துணி அந்த அளவுகோலின்படி ஈகை ஆகாது. அதைத் தவறு என்று சொல்லவில்லை. தொழில் நடத்த அதுவும் தேவைதான். தர்மக் கணக்கில் மட்டும் அதை எழுத முடியாது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வேலை கொடுத்ததே தர்மம் அல்லவா? பத்துக் குடும்பங்களுக்கு அடுப்பெரிய வழி செய்தவரை, சட்டப் பிரிவைக் காட்டிக் குற்றவாளி ஆக்கலாமா? பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் இந்த வாதத்துக்குத் துணை நிற்பதுபோலத் தோன்றும். தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்த அவர், ஒருவருக்கு வேலை கொடுப்பதை, அல்லது தொழிலில் கூட்டுச் சேர்ப்பதை, எல்லாவற்றுக்கும் மேலான படியில் வைத்தார். ஆனால் அது ஏன் மேலான படி? வாங்குகிறவர் இனி யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை என்பதால். சம்பளம் எந்தத் தேதியில் வரும், லீவு கிடைக்குமா, போகும்போது என்ன தேறும் என்பதெல்லாம் கொடுப்பவரின் மனசைப் பொறுத்தே இருந்தால், வேலையில் இருப்பவரும் கையேந்தியே நிற்கிறார். மாதம் ஒருமுறை ஏந்துகிறார் என்பதுதான் வேறுபாடு. வேலை கொடுப்பதை இவ்வளவு போற்றிய மைமோனிடிஸ்தான், கூலியை நிறுத்தி வைப்பவன் உயிரையே எடுத்தவனுக்குச் சமம் என்று இன்னோரிடத்தில் எழுதினார்.

அன்புக்கு இன்னொரு குறை இருக்கிறது. நல்ல மனசுக்காரர்களிடமும் அது உண்டு என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அன்பு கேட்கப்படுவதைப் பார்க்கும், பழகிப்போனதைப் பார்க்காது. நம் ஜவுளிக்கடைகளில் சேலைப் பிரிவில் நிற்கும் பெண்கள் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு மூடும்வரை நின்றார்கள். வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்திலும் சுவரில் சாயக் கூடாது, உட்காரக் கூடாது. காலில் நரம்பு சுருண்டது. கழிப்பறைக்குப் போவதைத் தவிர்க்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தக் கடைகளின் முதலாளிகள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்களா? கோயில் திருப்பணிக்கு வாரிக் கொடுத்தவர்கள், பள்ளி கட்டியவர்கள், ஊழியருக்கு மூன்று வேளைச் சாப்பாடு போட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் சங்கமாகத் திரண்டு பல ஆண்டுகள் கேட்டபின், 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்றது. மிகக் குறைந்த செலவில் முடிந்திருக்கக்கூடிய காரியத்துக்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டும் அன்பு இருந்தது, ஆனால் அது மேலிருந்து கீழே மட்டுமே பார்த்தது. 'எனக்குக் கால் வலிக்கிறது' என்பதை முதலாளி காதில் விழும்படி சொல்ல, கீழே நிற்பவருக்கு உரிமை என்ற ஒன்று கையில் இருக்க வேண்டியிருந்தது.

கீதையைக் காட்டி வரும் மறுப்பும் உண்டு. பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்ற உபதேசத்தைச் சட்டம் போட்டு மாட்டிவைத்த அலுவலகங்கள் ஏராளம். அது பெரும்பாலும் ஊழியர் உட்காரும் பக்கம் பார்த்தே தொங்குகிறது. அந்த உபதேசம் செயலைச் செய்கிறவன் தன் மனத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியது. அடுத்தவனுடைய பலனைக் கையில் வைத்திருப்பவன் அதைத் தராமல் இருக்கலாம் என்பதற்கு அதில் இடமே இல்லை. பற்றின்மை எல்லோருக்கும் பொது என்றால் லாபத்தின்மேல் பற்றில்லாமல் இருப்பதும் முதலாளியின் சாதனை ஆக வேண்டும். தனக்கென்று ஏற்கும் துறவு உயர்ந்தது. இன்னொருவர்மேல் சுமத்தும் துறவுக்குப் பெயர் பறிப்பு. அவரவர் வினைப்படி வாய்த்தது என்று சொல்பவர்களும், தம் கடைக்கு வரும் மொத்த வியாபாரி எடையில் குறைத்தால் அதை வினைப்பயன் என்று விட்டுவிடுவதில்லை.

"அவரே ஒத்துக்கொண்டுதானே சேர்ந்தார்?" என்ற கேள்வி இவற்றையெல்லாம்விடக் கனமானது. பேசிய சம்பளம் பேசியபடி கொடுக்கப்படுகிறது. இருவரும் வயது வந்தவர்கள். இதில் மூன்றாவது ஆளான அரசுக்கு என்ன வேலை? இந்த இடத்தில் இரண்டு குரல்கள் ஒரே முடிவுக்கு வருவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1891-இல் போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில், அதைவிடப் பெரிய கேடு வருமே என்ற அச்சத்தால் ஒரு தொழிலாளி கடினமான நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டால் அது சம்மதம் ஆகாது, அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவர் என்றார். சரியாக 91 ஆண்டு கழித்து, டெல்லி ஆசிய விளையாட்டுக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், நீதிபதி பகவதியின் அமர்வு அதே இடத்தை வந்தடைந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால் பசி அவரை நெட்டித் தள்ளியிருக்கிறது. அது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது. ஒன்று திருச்சபையின் குரல், மற்றொன்று மதச்சார்பற்ற நீதிமன்றத்தின் குரல். வாய் 'சரி' என்று சொன்னதாலேயே மனம் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதை இரண்டுமே புரிந்துகொண்டன. இரண்டு தரப்பும் சமபலத்தில் இருந்தால்தான் ஒப்பந்தம் புனிதமானது. நாளைக் காலைச் சோற்றுக்கு வழியில்லாதவரும், அடுத்த மாதம்வரை வேறு ஆள் தேடக் காத்திருக்க முடிந்தவரும் சமபலத்தில் இல்லை.

சிறுதொழிலால் தாங்க முடியாது என்ற வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. மின்கட்டணம் ஏறுகிறது, ஆன்லைன் வியாபாரம் கடைக்கு வரும் கூட்டத்தைப் பிரிக்கிறது, படிவங்களும் பதிவேடுகளும் தனி ஆள் வைத்து எழுத வேண்டிய அளவுக்கு இருந்தன. படிவம் நிரப்புவது அறக்கடமை என்று நானும் சொல்லமாட்டேன். அதைக் குறைக்கக் கோருவது முழு நியாயம். ஆனால் படிவம் வேறு, கடன் வேறு. கேரளத்து ஓட்டுத் தொழிற்சாலை முதலாளிகள் தங்கள் சக்தியைப் பார்க்காமல் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்துவிட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் போனபோது, 1961-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உயிர் வாழத் தேவையான கூலி என்று வரும்போது முதலாளியின் சக்தி கணக்கில் வராது என்றது. கடுமையான தீர்ப்புத்தான். ஆனால் இதே நியாயத்தைச் சிறுதொழில் முதலாளி தமக்கென்று கேட்கும்போது எவ்வளவு தெளிவாகக் கேட்கிறார் என்று பாருங்கள். பெரிய நிறுவனம் சரக்கை வாங்கிக்கொண்டு பில்லை இழுத்தடித்தால், 'நாங்களும் கஷ்டத்தில் இருக்கிறோம்' என்ற பதிலை அவர் ஏற்பதில்லை. தீபாவளிக்கு வந்த ஸ்வீட் பாக்ஸைப் பாக்கிக்கு ஈடாக எழுதிக்கொள்வதும் இல்லை. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி என்கிறது. அந்தச் சட்டம் வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கடன் என்றால் என்ன, சலுகை என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மேலே பார்த்த பாத்திரக் கடைக் கணக்கில் பணிக்கொடை ஆண்டுக்கு 9,000 ரூபாய், அதாவது மாதம் 750. மாதாமாதம் எடுத்து வைத்தால் தாங்கக்கூடியது. கடைசி நாளில் மொத்தமாகக் கேட்கும்போதுதான் அது மலை. வாடகையை எடுத்து வைப்பவர் இதை எடுத்து வைக்காததற்குக் காரணம் பணமின்மை மட்டும் அல்ல. வாடகையைக் கடன் என்று நினைக்கிறார். இதைக் கருணை என்று நினைக்கிறார்.

காந்தியின் தர்மகர்த்தா முறையைச் சொல்லி, முதலாளியின் மனமாற்றமே போதும், சட்டத்தின் கெடுபிடி வேண்டாம் என்பவர்கள் 1918 அகமதாபாத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பிளேக் நோய்க் காலத்தில் கொடுத்துவந்த போனஸை ஆலை முதலாளிகள் நிறுத்தினார்கள். 20 சதவீதம் உயர்வு தருகிறோம் என்றார்கள். தொழிலாளர் கோரியது 35. முதலாளிகளுக்குத் தலைமை அம்பாலால் சாராபாய்; தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய அக்கா அனசூயா. இதைவிட நெருக்கமான குடும்ப உறவு எந்தக் கடையிலும் இருக்க முடியாது. அங்கே காந்தி கேட்டது முதலாளிகளின் இரக்கத்தை அல்ல, நடுவர் தீர்ப்பை. மூன்று நாள் உண்ணாவிரதத்துக்குப்பின் நடுவரிடம் விடச் சம்மதம் கிடைத்தது. ஆனந்தசங்கர் துருவா 35 சதவீதம் என்றே தீர்ப்புச் சொன்னார். இதில் என்னைத் தொடுவது வேறொன்று. முதலாளிகள் தன்மேல் அன்பு கொண்டவர்கள், ஆகவே தன் பட்டினி அவர்களை நெருக்குகிறது, இது குற்றமுள்ள செயல் என்று காந்தி தன் சத்திய சோதனையிலேயே எழுதினார். அன்பை நெம்புகோலாக்கி நியாயம் பெறுவது அவருக்கே உறுத்தியது. தர்மகர்த்தா என்பவர் கோயில் சொத்துக்குச் சொந்தக்காரரும் அல்ல. தணிக்கைக்குக் கணக்குக் காட்டியே ஆக வேண்டியவர். கணக்குக் காட்டாத தர்மகர்த்தாவை எந்த ஊரும் பக்திமான் என்று விட்டுவைக்காது. அதே 1918-இல் சென்னையில் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதில் முன்நின்ற திரு.வி.க. சைவத்தில் ஊறியவர். பக்திக்கும் உரிமைப் பேச்சுக்கும் பகை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

சட்டம் நுழைந்தால் பாசம் போய்விடும் என்ற பயத்தையும் நான் மதிக்கிறேன். எத்தனையோ தொழிலாளர்களே, 'முதலாளி பார்த்துக் கொடுப்பார், கேட்க வேண்டாம்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சில் பாசம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? சொல்பவராலேயே முடியாது. சம்பளமும் சலுகையும் ஒரே கையிலிருந்து, ஒரே மனநிலையைப் பொறுத்து வரும்வரை அந்தக் கைமேல் உள்ள அன்பு உண்மையா என்று இருவருக்குமே தெரியப்போவதில்லை. சேர வேண்டியது உறுதியாகச் சேர்ந்துவிட்டால் கல்யாண மொய்யைச் சந்தோஷமாக வாங்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். ராஜினாமா செய்தவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்கிறது புதிய ஊதியத் தொகுப்பு. பாசம் முறிந்து, மனக்கசப்போடு பிரிகிற நாளைத்தான் அது குறிவைக்கிறது. உபாகமம் சூரியன் மறையுமுன் என்றது. நாம் இரண்டு நாளுக்கு வந்து சேர இத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

கடைசியாக, நுட்பமான ஒரு மறுப்பு. பணிக்கொடைக்குப் பத்துப் பேர், ஈ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர், பி.எஃப்.புக்கு இருபது பேர் என்று சட்டம் தலையை எண்ணுகிறது. ஒன்பது பேர் இருந்தால் கடன் இல்லை, பத்தாவது ஆள் படியேறியதும் கடன் முளைத்துவிடுமா? அப்படி முளைப்பது அறமாக இருக்க முடியுமா? இந்த எண்கள் அரசு எங்கே வந்து கதவைத் தட்டும் என்பதைச் சொல்கின்றன. யாருக்கு என்ன சேர வேண்டும் என்பதை அவை முடிவு செய்வதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது வெளிப்படையாகவே தெரிகிறது. பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் உள்ளகக் குழு அமைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே நடப்பதும் துன்புறுத்தலே, புகார் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகும். எண்ணிக்கை மாறினால் வாசல்தான் மாறுகிறது. குறைந்தபட்ச ஊதியத்துக்கோ தலைக்கணக்கே கிடையாது. ஒரே ஒரு ஆளை வைத்திருப்பவருக்கும் அது பொருந்தும். ஒன்பதோடு நிறுத்திக்கொள்ள ஒரே கடையை இரண்டு பெயரில் பதிவு செய்பவர் இன்ஸ்பெக்டரைச் சமாளிக்கலாம். அவர் தினமும் காலையில் கல்லாவுக்கு மேல் உள்ள சாமி படத்துக்குப் பூப் போடுகிறார் என்றால், அங்கே எந்தப் பிரிவின்கீழ் விலக்குக் கேட்பார் என்று எனக்கு விளங்கவில்லை. இருபது பேர் இல்லாத இடத்திலும் முதலாளியும் பெரும்பாலான ஊழியர்களும் சம்மதித்தால் பி.எஃப். திட்டத்தில் தாமாகவே சேரலாம். யாரும் கட்டாயப்படுத்தாத அந்தச் சேர்க்கையை, கோயில் உபயத்துக்கு ஒதுக்குவதற்கு முன்னால் எத்தனை பேர் செய்திருக்கிறார்கள் என்பதை வைத்தே நம் ஊரின் வியாபார பக்தியை அளக்க விரும்புகிறேன்.